ஹூக்ளி நதி திருப்பித் தந்த அன்னை

கொல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளி நதிக்கரையில் உள்ள பேண்டல் தேவாலயத்தின் மேல்தளத்துக்குப் படியேறிச் சென்று மெழுகுவர்த்தி ஏற்றுவோரில் இந்துக்களும் முஸ்லிம்களும் உண்டு. அங்கு எழுந்தருளியிருப்பவர் "நற்பயண அன்னை" என்று போர்ச்சுக்கீசிய மாலுமிகளால் அழைக்கப்பட்ட மரியன்னை. வங்கத்தின் மிகப் பழைய கத்தோலிக்கத் திருத்தலங்களுள் இது ஒன்று. ஆனால், இச்சிலையின் வரலாறு பக்தியில் மட்டும் அடங்குவதல்ல. ஒரு பேரரசும் ஒரு வணிக வல்லரசும் மோதிக்கொண்ட கதையும் அதனுள் இருக்கிறது.

அக்பர் காலத்தில் அனுமதி பெற்று ஹூக்ளியில் குடியேறிய போர்ச்சுக்கீசியர் 1599-இல் இங்கு தேவாலயம் எழுப்பினர். துறைமுகத்தைக் குறிக்கும் "பந்தர்" என்ற சொல்லே பேண்டல் எனத் திரிந்ததாகக் கூறுவர். வணிகம் செழித்தது; அதனுடன் அடிமை வணிகமும் செழித்தது. அரக்கானியருடன் சேர்ந்து வங்கக் கடலோரக் கிராமங்களைச் சூறையாடி, மக்களைப் பிடித்து விற்ற போர்ச்சுக்கீசியர் குறித்து முகலாய அரசவைக்கு முறையீடுகள் சென்றன. தந்தை ஜஹாங்கீரை எதிர்த்துக் கிளர்ச்சி செய்த காலத்தில் தமக்கு உதவ மறுத்தவர்கள் இவர்கள் என்ற கசப்பும் ஷாஜகானுக்கு இருந்தது.

1632-இல் வங்க ஆளுநர் காசிம் கானின் படை ஹூக்ளியை முற்றுகையிட்டது. சுமார் மூன்று மாதங்களில் நகரம் வீழ்ந்தது. அப்துல் ஹமீது லாகோரி எழுதிய பாதுஷாநாமா, 4,400 பேர் சிறைபிடிக்கப்பட்டதாகவும், போர்ச்சுக்கீசியர் அடைத்து வைத்திருந்த சுற்றுவட்டார மக்கள் சுமார் 10,000 பேர் விடுவிக்கப்பட்டதாகவும் கூறுகிறது. வென்ற தரப்பின் கணக்கு என்பதால் எண்களைச் சற்று எச்சரிக்கையுடனேயே கொள்ள வேண்டும். கைதிகள் ஆக்ராவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுடன் வந்த திருவுருவங்களில் இறைத்தூதர்களுடையவை யமுனையில் வீசப்பட்டன என்றும், மற்றவை உடைக்கப்பட்டன என்றும் அதே நூல் பதிவு செய்கிறது.

பேண்டல் சிலை மட்டும் தப்பியது எப்படி? தேவாலய மரபு சொல்லும் விடை இது: தியாகோ என்ற வணிகர் சிலையைத் தழுவியபடி ஹூக்ளியில் குதித்தார்; நதி இருவரையும் விழுங்கியது. ஆக்ராவில் பாதிரியார் ஜோவாவோ த குரூஸ் மதயானையின் முன் நிறுத்தப்பட்டார்; யானையோ அவரைத் துதிக்கையால் தூக்கி முதுகில் அமர்த்திக்கொண்டது. வியந்த ஷாஜகான் கைதிகளை விடுவித்து, 1633-இல் 777 பிகா நிலத்தை வரியின்றி வழங்கினார். பின்னர் ஓர் இரவில் நதி ஆர்ப்பரித்தது. விடிந்தபோது சிலை கரையில் கிடந்தது. அதைக் கண்ட மீனவர்கள் "குரு மா வந்துவிட்டாள்" என்று கூவினர்.

யானை அற்புதம் பாதுஷாநாமாவில் இல்லை. அடிமைச் சந்தை தேவாலய மரபில் இல்லை. இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்கே 1632 முழுமையாகத் தெரியும். முகலாயரைக் கொடுங்கோலராகவோ பெருந்தன்மையின் வடிவாகவோ மட்டும் காட்ட விரும்பும் எவருக்கும் பேண்டல் வசதியான சாட்சி அல்ல. போர்ச்சுக்கீசியரை அப்பாவிகளாகக் காட்டவும் அது உதவாது. பாதுஷாநாமா போன்ற அரசவை வரலாறுகளை எப்படி வாசிப்பது என்று பிளஸ் டூ மாணவர்களுக்குக் கற்பித்த என்.சி.இ.ஆர்.டி. நூலின் முகலாய அரசவைப் பாடம் 2023-இல் வெளியான பதிப்பில் நீக்கப்பட்டதை இங்கு நினைவுகூராமல் இருக்க முடியவில்லை.

அடிமை வணிகர்களின் கப்பல்களுக்குக் காவலாக நிறுவப்பட்ட உருவத்தை, அவர்கள் ஆதிக்கம் அழிந்த பின் வங்க மீனவர்கள் தங்கள் மொழியில் அன்னையாக்கிக் கொண்டதே வியப்பு. வங்கக் கடலில் புயலில் சிக்கி மீண்ட கப்பல் தலைவர் ஒருவர் நேர்த்திக்கடனாகத் தந்த பாய்மரக் கம்பம் நெடுங்காலம் வளாகத்தில் நின்று, பின்னர் சூறைக்காற்றில் சாய்ந்தது. 1988-இல் தேவாலயம் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. ஹூக்ளி வீழ்ந்த காட்சியைத் தீட்டிய பாதுஷாநாமா ஓவியமோ இன்று இங்கிலாந்தின் விண்ட்சர் கோட்டையில், அரச நூலகத்தில் இருக்கிறது.