ஒரு சோட்டோவுக்கு ஆறு பேர்: பேஸ்பால் ரசிகர்களின் தீராத சண்டை எதைப் பற்றி?

ஒவ்வொரு வருஷமும் ஜூலை கடைசி வந்தால் அமெரிக்க பேஸ்பால் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். மேஜர் லீக் அணிகள் வீரர்களை டிரேட் செய்துகொள்வதற்கான கெடு முடிகிற நேரம் அது. வளர்ந்துவரும் பையன்களைக் கொடுத்துவிட்டு, ஏற்கெனவே அடித்து நிரூபித்த ஒரு பேட்டரை வாங்கலாமா? அல்லது, நம்மகிட்டதான் நல்ல பிட்சிங் இருக்கே, எதுக்கு எதிர்காலத்தை விக்கணும் என்று சும்மா இருக்கலாமா?

இந்தச் சண்டையைப் புரிந்துகொள்ள ஹுவான் சோட்டோவின் கதை போதும். அதில் எல்லாத் தரப்பும் ஒரு முறையாவது ஜெயித்திருக்கிறது. எல்லாத் தரப்பும் ஒரு முறையாவது தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறது.

சோட்டோ டொமினிகன் குடியரசைச் சேர்ந்த இடது கை பேட்டர். 2019-ல் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி வேர்ல்டு சீரிஸ் ஜெயித்தபோது அவருக்கு வயது 21. பின்னர் அந்த அணி 15 வருஷத்துக்கு 44 கோடி டாலர் தர முன்வந்தது. அவர் வேண்டாம் என்றார். 2024 சீசன் முடிந்ததும் அவர் எந்த அணிக்கும் போகலாம் என்ற நிலை. சும்மா போக விடுவதைவிட இப்போதே விற்றுவிடலாம் என்று வாஷிங்டன் முடிவு செய்தது.

2022 ஆகஸ்ட் 2 அன்று, ஏ.ஜே. பிரெல்லர் தலைமையிலான சான் டியாகோ பாட்ரேஸ் நிர்வாகம் அவரைத் தூக்கியது. கூடவே ஜோஷ் பெல் என்ற பேட்டரும் வந்தார். பதிலுக்குப் போனவர்கள் ஆறு பேர். ஐந்து பேர் இளைஞர்கள்: சி.ஜே. ஆப்ரம்ஸ், மெக்கென்சி கோர், ஜேம்ஸ் வுட், ராபர்ட் ஹாசெல், ஜார்லின் சுசானா. ஆறாவது ஆள் அனுபவ பேட்டர் லூக் வாய்ட். அந்த இடத்தில் முதலில் இருந்தது எரிக் ஹாஸ்மர். சில அணிகளுக்குத் தன்னை டிரேட் செய்யக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருந்ததால், ‘நான் போகமாட்டேன்’ என்று அவரால் சொல்ல முடிந்தது. பெரும்பாலான வீரர்களுக்கு அந்த வசதி கிடையாது. அணி சொன்னால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

புராஸ்பெக்ட் என்றால் ஏன் இவ்வளவு மவுசு?

ஐபிஎல் பார்த்துப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். அங்கே சில வருஷத்துக்கு ஒரு முறை மெகா ஏலம் வந்து எல்லாவற்றையும் கலைத்துப் போட்டுவிடும். பேஸ்பாலில் ஒவ்வொரு அணிக்கும் கீழே மைனர் லீக் அணிகள் உண்டு. பள்ளி, கல்லூரி வயதில் சேர்க்கப்படும் பையன்கள் அங்கே வருஷக்கணக்கில் விளையாடித்தான் மேலே வரவேண்டும். அவர்களில் தேறுவார்கள் என்று நம்பப்படுகிறவர்கள்தான் புராஸ்பெக்ட்.

மவுசுக்குக் காரணம் திறமை மட்டும் இல்லை, பணமும்தான். மேஜர் லீகுக்கு வந்த வீரர் ஆறு வருஷ சர்வீஸ் முடிக்கும்வரை அந்த அணியின் பிடியில்தான் இருப்பார். முதல் மூன்று வருஷம் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டித்தான் கிடைக்கும். 2022-ல் அது 7 லட்சம் டாலர். அதே வருஷம் சோட்டோவின் சம்பளம் 1.71 கோடி டாலர். ஒரு சோட்டோவின் சம்பளத்தில் 24 புதுமுகங்களை வைத்துக்கொள்ளலாம். அதில் நாலு பேர் தேறினாலே அணிக்கு லாபம். ரசிகர்கள் ‘எதிர்காலத்தை வித்துட்டாங்க’ என்று புலம்புவது இந்த மலிவான ஆறு வருஷத்தை நினைத்துத்தான்.

சரி, பிட்சிங் கட்சி என்ன சொல்கிறது? பேட்டர் தினமும் ஆடுவார், ஆனால் ஒரு மேட்ச்சில் நாலைந்து முறைதான் பேட்டிங் கிடைக்கும். ஸ்டார்டிங் பிட்சர் ஐந்து நாளைக்கு ஒரு முறைதான் வருவார், ஆனால் வந்தால் அந்த மேட்ச்சே அவர் கையில். 162 மேட்ச் லீக் சுற்றுக்கு ஐந்து ஸ்டார்டர்களாவது தேவை. பிளேஆஃபில் இடையிடையே ஓய்வு நாள் வருவதால் மூன்று நல்ல பிட்சர்களை வைத்தே காலத்தை ஓட்டலாம். ஆகவே கோப்பைக்குப் பிட்சிங்தான் என்பது அவர்கள் வாதம்.

கேட்க நல்ல வாதம்தான். ஒரே சிக்கல், பிட்சரின் முழங்கை. 1974-ல் டாமி ஜான் என்ற பிட்சருக்கு முதன்முதலாகச் செய்யப்பட்ட தசைநார் மாற்று அறுவை சிகிச்சை, இன்று அவர் பெயரிலேயே வழக்கமான ஒன்றாகிவிட்டது. அதைச் செய்துகொண்டால் ஒரு வருஷத்துக்கும் மேல் போய்விடும். ‘பிட்சிங் புராஸ்பெக்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது’ என்பது அமெரிக்க ரசிகர்களிடையே பழைய கிண்டல். சோட்டோ டிரேடில் போன கோர்கூட, அந்த நேரத்தில் முழங்கை வலியால் வெளியே உட்கார்ந்திருந்தவர்தான்.

வாங்கியது பேட்டர், உதைத்தது பேட்டிங்

சான் டியாகோ ஏன் இவ்வளவு அவசரப்பட்டது? 1969-ல் தொடங்கிய இந்த அணி ஒரு முறைகூட வேர்ல்டு சீரிஸ் ஜெயித்ததில்லை. 1984, 1998 இரண்டிலும் இறுதியில் தோல்வி. ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணியான சார்ஜர்ஸ் 2017-ல் லாஸ் ஏஞ்சலஸுக்கு மூட்டை கட்டிவிட்டது. மிச்சம் இருப்பது பாட்ரேஸ். உரிமையாளர் பீட்டர் சைட்லர் பணத்தைக் கொட்டினார்.

2022 பிளேஆஃபில், லீக் சுற்றில் 111 மேட்ச் ஜெயித்திருந்த லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸைச் சாய்த்தபோது டிரேட் கட்சிக்குக் கொண்டாட்டம். அடுத்த சுற்றில் பிலடெல்பியாவிடம் தோல்வி. இருந்தாலும் அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்று விட்டார்கள்.

அடுத்த வருஷம்தான் விநோதம். 2023-ல் பாட்ரேஸின் பிட்சிங் லீகின் மிகச் சிறந்தவற்றில் ஒன்று. பிளேக் ஸ்னெல் சை யங் விருதே வாங்கினார். சோட்டோவும் ஏமாற்றவில்லை: 162 மேட்ச், 35 ஹோம் ரன். ஆனால் ஒரு ரன் வித்தியாசத்தில் முடிந்த 32 மேட்ச்களில் அணி ஜெயித்தது வெறும் 9. கூடுதல் இன்னிங்ஸுக்குப் போன 14 மேட்ச்களில் ஜெயித்தது 2. மொத்தம் 82 வெற்றி, 80 தோல்வி. பிளேஆஃப் இல்லை.

அந்த நவம்பரில் சைட்லர் காலமானார். சம்பளச் செலவைக் குறைக்க வேண்டிய கட்டாயம். ஸ்னெல் உள்பட முக்கியமான பல பிட்சர்களின் ஒப்பந்தமும் முடிந்திருந்தது. டிசம்பரில் சோட்டோவை நியூயார்க் யாங்கீஸுக்கு அனுப்பி, மைக்கேல் கிங் உள்ளிட்ட நாலு பிட்சர்களையும் ஒரு கேட்ச்சரையும் வாங்கினார்கள். அந்த நால்வரில் ஒருவரான புராஸ்பெக்ட் ட்ரூ தார்ப்பையும் இன்னும் சிலரையும் 2024 மார்ச்சில் சிகாகோவுக்குக் கொடுத்து, டிலன் சீஸ் என்ற பிட்சரைப் பிடித்தார்கள். அதே ஜூலையில் சீஸ் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் நோ-ஹிட்டர் வீசினார். எதிரணி எது தெரியுமா? வாஷிங்டன் நேஷனல்ஸ்.

ஆக, பேட்டரை விற்றுப் பிட்சிங் வாங்கிய 2024-ல் 93 வெற்றி. பிட்சிங் கட்சி சொன்னதுதான் சரியா? பிளேஆஃபில் டாட்ஜர்ஸுக்கு எதிரே 2-1 என்று முன்னிலையில் இருந்தார்கள். அதன் பிறகு தொடர்ந்து 24 இன்னிங்ஸ் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. கடைசி மேட்ச்சில் பிட்சர்கள் விட்டுக்கொடுத்தது இரண்டே ரன். தோல்வி 2-0.

சோட்டோ அந்தப் பக்கம் யாங்கீஸுக்காக 41 ஹோம் ரன் அடித்து, 2009-க்குப் பிறகு முதல் முறையாக அவர்களை வேர்ல்டு சீரிஸுக்குக் கொண்டுபோனார். யாங்கீஸ் கோப்பையை டாட்ஜர்ஸிடம் இழந்தார்கள். ஒரே சீசனில் சோட்டோவையும் இழந்தார்கள். அவர் நியூயார்க் மெட்ஸுடன் 15 வருஷம், 76.5 கோடி டாலர் என்று கையெழுத்திட்டார். 2025-ல் அங்கேயும் 43 ஹோம் ரன். ஜூன் நடுவில் லீகிலேயே முதலிடத்தில் இருந்த மெட்ஸ், ஸ்டார்டிங் பிட்சர்கள் வரிசையாகக் காயமடைந்தும் சொதப்பியும் போனதில் 83 வெற்றியோடு நின்று, கடைசி நாளில் பிளேஆஃபைத் தவறவிட்டது.

அப்போ ஜெயித்தது வாஷிங்டன்தானே?

கணக்குப் புத்தகத்தில் ஆமாம். ஆப்ரம்ஸ் 2024-ல் ஆல்-ஸ்டார். கோர், வுட் இருவரும் 2025-ல் ஆல்-ஸ்டார். ஒரே டிரேடில் மூன்று ஆல்-ஸ்டார்கள் என்பது லாட்டரி மாதிரி. ஆனால் புள்ளிப் பட்டியல் வேறு கதை சொல்கிறது. வாஷிங்டன் 2023, 2024 இரண்டிலும் தலா 71 வெற்றி, 2025-ல் 66. அந்த டிரேடைச் செய்த மைக் ரிஸ்ஸோவையே 2025 ஜூலையில் வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். வாங்கிய பையன்கள் தேறினார்கள்; ஆனால் சுற்றியிருந்த அணி தேறவில்லை. டிரேடில் யார் ஜெயித்தார்கள் என்று வீரர்களின் பெயரை மட்டும் எண்ணிப் பார்க்கிற ரசிகர்கள் தவறவிடுவது இதைத்தான்.

பழைய உதாரணங்களும் இரு பக்கமும் சாய்கின்றன. 1987-ல் டெட்ராய்ட், அனுபவ பிட்சர் டாயில் அலெக்சாண்டரை வாங்கியது. அவர் 9 மேட்ச் ஜெயித்தார், ஒன்றில்கூடத் தோற்கவில்லை. அணி பிளேஆஃபுக்குப் போய்த் தோற்றது. பதிலுக்குக் கொடுத்த பையன் ஜான் ஸ்மோல்ட்ஸ், பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பிடித்தார். 2016-ல் சிகாகோ கப்ஸ், கிளைபர் டோரஸ் என்ற அருமையான புராஸ்பெக்ட்டைக் கொடுத்து ரிலீவர் அரோல்டிஸ் சாப்மனைச் சில மாதத்துக்கு வாங்கியது. டோரஸ் பின்னர் ஆல்-ஸ்டார் ஆனார். ஆனால் 108 வருஷம் காத்திருந்து கோப்பையைப் பார்த்த கப்ஸ் ரசிகரிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள்!

பிரெல்லர் மட்டும் மாறவில்லை. 2025 ஜூலை 31 அன்று, 18 வயது லியோ டி வ்ரீஸையும் மூன்று இளம் பிட்சர்களையும் ஏதலட்டிக்ஸ் அணிக்குக் கொடுத்து, ரிலீவர் மேசன் மில்லரையும் ஸ்டார்டர் ஜே.பி. சியர்ஸையும் வாங்கினார். இந்த முறை எதிர்காலத்தை விற்று வாங்கியது பிட்சிங். பாட்ரேஸ் 90 மேட்ச் ஜெயித்து பிளேஆஃபுக்குப் போனது. முதல் சுற்றில் கப்ஸுடன் மூன்று மேட்ச். மூன்றிலும் சேர்த்துப் பிட்சர்கள் விட்டுக்கொடுத்தது 6 ரன். பேட்டர்கள் எடுத்தது 5.