இரண்டு ஏக்கருக்கு எந்த உழவு இயந்திரம்?

ஐம்பத்தைந்து வயதில் ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும் நம்மவர்கள் வீட்டுக் கடனை அடைக்கிறார்கள். அடுத்து, பிள்ளைகளின் கல்யாணத்தை முடிக்கிறார்கள். இவ்விரண்டும் போக ஏதோ மிச்சம் வைத்திருப்பவர்களில் சிலருக்கு மண்ணின் மேல் ஆசை பிறக்கிறது. ஒரு ஏக்கரோ இரண்டு ஏக்கரோ பிடித்து வெண்டை, கத்தரி, பயற்றங்காய், சோளம், மரவள்ளி என்று போட்டுப் பார்க்கலாமே என்கிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் முப்பது வருடம் பால் வெட்டிய தோளுக்கு இனி மண்வெட்டி பிடிக்கத் தெம்பு ஏது? ஆகவே பேச்சு உடனே இயந்திரத்திற்குப் போய்விடுகிறது. "வாத்தியாரே, எத்தனை குதிரைச்சக்தியில் வாங்கலாம்?" என்று என்னிடமே பலர் கேட்டிருக்கிறார்கள்.

வாசக அன்பர்களே, அந்தக் கேள்வியை மூன்றாவதாகக் கேளுங்கள் என்பதுதான் என் பதில். நிலத்தில் என்ன வேலை என்பதை முதலில் கேட்க வேண்டும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடக்கப் போவது யார் என்பதை அடுத்துக் கேட்க வேண்டும். இவ்விரண்டுக்கும் விடை தெரிந்தால் குதிரைச்சக்தி தானாகத் தெரிந்துவிடும். தெரியாமல் கடைக்குப் போனால், கடைக்காரருக்கு எது விற்க வேண்டுமோ அதுதான் உங்கள் லாரியில் ஏறும்.

நான் சொல்வது இரண்டு சக்கரங்களுடன், பின்னால் ஆள் நடந்துகொண்டே ஓட்டும் சிறு டிராக்டர். நம் நாட்டு நெல் வயல்களில் எந்தக் கம்பெனி இயந்திரமாக இருந்தாலும் அதைக் 'கூபோத்தா' என்றே சொல்பவர்கள் உண்டு. இலங்கைத் தமிழர்கள் இதை 'லாண்ட் மாஸ்டர்' என்பார்கள். அதுவும் ஒரு கம்பெனியின் பெயர்தான். தாய்லாந்து விவசாயிகள் 'இரும்பு எருமை' என்று பொருத்தமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதன் சுழல் கத்திக்கு ஆஸ்திரேலியாவில் ஒரு கதை உண்டு. 1912-ஆம் ஆண்டு நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் கில்காண்ட்ராவில், ஆர்தர் கிளிஃபர்ட் ஹோவர்ட் என்ற இளைஞர் தம் தந்தையின் பண்ணையில் சோதனைகளைத் தொடங்கினார். கலப்பையால் மண்ணைப் புரட்டுவதற்குப் பதிலாக, சுழலும் கத்திகளால் மண்ணைக் கொத்திப் பார்த்தார். மண் பக்கவாட்டில் வாரி இறைந்தது. கத்தியின் நுனியை வளைத்து ஆங்கில 'எல்' எழுத்தைப் போல ஆக்கியதும் அந்தத் தொல்லை குறைந்தது. 1920-இல் காப்புரிமை பெற்றார். இன்று நீங்கள் கடையில் பார்க்கும் பல இயந்திரங்களின் அடியில் இருப்பது அந்த வளைந்த கத்தியின் வாரிசுதான்.

இனிக் கடைக்குள் நுழைவோம். அங்கே மூன்று வகை நிற்கும். முதலாவது சின்னஞ்சிறியது. இதற்கு உழும்போது சக்கரமே கிடையாது. கத்திகளே உருண்டு நடந்து போகும். பெட்ரோல் இஞ்சின். இரண்டு பேர் தூக்கி வண்டியில் வைத்துவிடலாம். ஏற்கெனவே பண்பட்ட காய்கறிப் பாத்திக்கு இது தங்கம். கட்டாந்தரையில் விட்டால் மண்ணைக் கிளறாமல் துள்ளிக் குதித்து ஓடும். பிடித்திருப்பவரின் கைகளும் சேர்ந்து குதிக்கும்.

மூன்றாவது வகையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்மவர்கள் மயங்குவது அதில்தான். எட்டு முதல் பதினைந்து குதிரைச்சக்தி வரையுள்ள டீசல் இயந்திரம். சீனாவின் டோங்ஃபெங்-12 இதற்குப் பேர்போனது. பன்னிரண்டு குதிரைச்சக்தி, ஒற்றைச் சிலிண்டர். நெல் வயலுக்கும் டிரெய்லர் இழுக்கவும் ஏற்றது. எண்ணெய் குறைவாகக் குடிக்கும், பல வருடம் உழைக்கும். ஆனால் பின்னால் சுழல் கத்தியையும் மாட்டினால் எடை அரை டன்னை நெருங்கும். வயலில் தண்ணீரும் சேறும் இருக்கும்போது அந்த எடை ஓரளவு வழுக்கித் திரும்பும். காய்ந்த மேட்டு நிலத்தில், ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் அதைத் திருப்புவது கிடாவைக் கொம்பைப் பிடித்துத் திருப்புவது போலத்தான்.

இரண்டுக்கும் நடுவில் உள்ளது இத்தாலிய பி.சி.எஸ்., கிரில்லோ போன்ற வகை. எடை ஏறத்தாழ நூறு கிலோ. இஞ்சினிலிருந்து பற்சக்கரங்கள் வழியே விசை போவதால் பின்னால் சுழல் கத்தியும் மாட்டலாம். கைப்பிடியை அப்படியே எதிர்ப்பக்கம் சுழற்றி முன்னால் புல் வெட்டும் கருவியும் மாட்டலாம். விலைதான் கொஞ்சம் கடிக்கும். இரண்டு ஏக்கர் மேட்டு நிலத்தில் காய்கறி போடுபவருக்கு என் ஓட்டு இந்த நடுத்தர எடைக்குத்தான், அது எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சரி.

ஏன் எடையைப் பற்றியே பேசுகிறேன் என்கிறீர்களா? வகுப்பில் பிள்ளைகளுக்குப் போடும் கணக்கு ஒன்றை உங்களுக்கும் போடுகிறேன். ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். சுழல் கத்தியின் அகலம் 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 4,047-ஐ 0.6-ஆல் வகுத்தால் 6,745 மீட்டர். அதாவது ஓர் ஏக்கரை ஒரே ஒரு முறை உழுவதற்கு ஏழு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நடக்க வேண்டும். இரண்டு ஏக்கரை இரண்டு சால் ஓட்டினால் 27 கிலோமீட்டர். திரும்புவதும், ஒரு சாலின் மேல் மறு சால் கொஞ்சம் ஏறுவதும் இதில் சேரவில்லை. கிளறிய மண்ணில் கால் புதைய, அதிரும் கைப்பிடியோடு 27 கிலோமீட்டர்! இதை நடக்கப் போவது அறுபது வயதுக்காரரா, பள்ளி விடுமுறையில் வரும் மகனா, அல்லது வீட்டுக்காரம்மாவா? கடையிலேயே அவரை அழைத்துப் போய், இஞ்சின் நின்ற நிலையில் இயந்திரத்தைத் தள்ளித் திருப்பச் சொல்லிப் பாருங்கள். அவரால் முடியவில்லையென்றால் அது உங்கள் வீட்டுக்குரிய இயந்திரம் அல்ல.

அடுத்தது நிலம். பழைய ரப்பர் நிலமாக இருந்தால், மேலே புல் மூடியிருந்தாலும் உள்ளே அடிக்கட்டையும் பக்கவேரும் கிடக்கும். கத்தி அதில் மாட்டினால் இயந்திரம் ஒரே எம்பாக முன்னால் பாயும்; கத்தியோ போல்ட்டோ ஒடியும். முதல் உழவுக்கு முன் இரும்புக் கம்பியால் குத்திப் பார்த்து, வேரை எடுத்துவிடுவது நல்லது. அந்த வேலைக்கு ஒரு நாள் கூலி கொடுத்தாலும் ஒரு தொகுதிக் கத்தியைவிட மலிவு.

லாலான் புல்லைப் பற்றித் தோட்டத்துக்காரர்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. எண்ணெய்த் துணியோடு லாலான் துடைக்கப் போன தாய்மார்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆனாலும் சுழல் கத்தி கையில் வந்ததும் எல்லோரும் அதை மறந்துவிடுகிறார்கள். பச்சை லாலானில் கத்தியை விட்டால் நிலம் அன்று அழகாகத்தான் இருக்கும். மண்ணுக்குள் உள்ள வெள்ளைத் தண்டு துண்டு துண்டாகிப் போயிருக்கும்; கணு உள்ள ஒவ்வொரு துண்டும் தனியாக முளைக்கும். முதலில் அதைச் சாகடித்து, அடித்தண்டு காய்ந்த பிறகு உழ வேண்டும். மருந்து வேண்டாம் என்பவர்கள் வெயில் காலத்தில் சில வார இடைவெளியில் திரும்பத் திரும்ப உழுது தண்டை மேலே காய விடலாம், அல்லது மூடுபயிர் போட்டு நிழலில் அழிக்கலாம். பொறுமை வேண்டும்.

மழை பெய்த மறுநாள் களிமண் நிலத்தில் இறங்காதீர்கள். ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டி, இடுப்பு உயரத்திலிருந்து கீழே போடுங்கள். உதிர்ந்தால் உழலாம். சப்பென்று தட்டையாகி உட்கார்ந்தால் இன்னும் இரண்டு நாள் காத்திருங்கள். ஈரக் களிமண்ணில் கத்தி ஓடினால் அடிமண் தேய்ந்து சட்டிபோல் இறுகும். பிறகு மழைத் தண்ணீர் கீழே இறங்காமல் கத்தரியின் வேர் அழுகும். சரிவான நிலத்தில் சரிவுக்குக் குறுக்கேதான் உழவு. அடிக்கடி கொட்டுகிற நம் மழையில் மேலிருந்து கீழாக உழுதவருடைய மேல்மண் பக்கத்து வாய்க்காலுக்குப் போய்ச் சேரும்.

இனி நான் சொல்லப் போவதைத் தயவுசெய்து இயந்திரத்தை ஓட்டப் போகிறவருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

இந்த இயந்திரத்தில் பெரிய ஆபத்து பின்னோக்கிப் போவதில் இருக்கிறது. ரிவர்ஸ் கியர் போட்டதும் கைப்பிடி உங்கள் வயிற்றை நோக்கி வரும். பின்னால் வேலியோ மரமோ இருந்தால் நீங்கள் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். கால் இடறி விழுந்தால் சுழலும் கத்தி காலின் மேல் ஏறும். கத்தி சுழலும்போது ரிவர்ஸ் விழாதபடி தடுப்பு வைத்த இயந்திரங்கள் இருக்கின்றன. கையை விட்டால் தானாக நின்றுவிடுபவையும் இருக்கின்றன. இவ்விரண்டும் இல்லாத இயந்திரத்தைச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்பேன். பழையதை வாங்குபவர்கள், முந்தைய சொந்தக்காரர் அந்தத் தடுப்பைக் கழற்றிவிட்டாரா அல்லது கம்பியால் கட்டி வைத்திருக்கிறாரா என்று குனிந்து பாருங்கள். இப்படிக் கட்டி வைப்பது பட்டறைகளில் சாதாரணமாக நடக்கிறது.

அதைவிடப் பலருக்கும் தெரியாத ஓர் ஆபத்து உண்டு. பெரிய வகை இயந்திரங்களில் இரண்டு கைப்பிடிகளின் அடியிலும் ஒவ்வொரு நெம்பு இருக்கும். சமதரையில் இடப்பக்க நெம்பை அழுத்தினால் இடது சக்கரத்துக்கு இஞ்சினின் விசை போகாது. வலது சக்கரம் மட்டும் தள்ளும். வண்டி இடப்பக்கம் திரும்பும். இது எல்லோருக்கும் அரை மணி நேரத்தில் பழகிவிடும். அதே வண்டியில் டிரெய்லரை மாட்டி, பாரம் ஏற்றி, இறக்கத்தில் விடுங்கள். இப்போது பாரம் பின்னாலிருந்து வண்டியைத் தள்ளுகிறது. இஞ்சின் சக்கரங்களை ஓட்டவில்லை, பிடித்து நிறுத்தப் பார்க்கிறது. இந்த நேரத்தில் இடப்பக்க நெம்பை அழுத்தினால் இடது சக்கரம் இஞ்சினின் பிடியிலிருந்து விடுபட்டு வேகமாக உருளும். வண்டி எந்தப் பக்கம் திரும்பும்? வலப்பக்கம்! இடது புறம் ஒதுங்க நினைத்தவர் வலது புறப் பள்ளத்தில் போய் விழுவார். பயத்தில் அதே நெம்பை இன்னும் இறுக்கினால் இன்னும் வேகமாக விழுவார்.

நம் தோட்டத்துச் செம்மண் சாலைகள் மேடும் பள்ளமும்தானே? எனவே இறக்கம் தொடங்கும் முன்பே சிறிய கியருக்கு மாற்றிவிட வேண்டும். இறக்கத்தின் நடுவில் கியரையோ பெரிய கிளச்சையோ தொடக்கூடாது. திருப்புவதைக் கைப்பிடியைத் தள்ளியே செய்ய வேண்டும். வேகத்தை டிரெய்லரின் பிரேக்கால் குறைக்க வேண்டும். பிரேக் இல்லாத டிரெய்லர் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி வராதீர்கள். பாரத்தின் மேல் பிள்ளைகளை உட்கார வைத்து ஊர்வலம் விடுவதும் வேண்டாம். மறுநாள் வகுப்பில் அந்த நாற்காலி காலியாக இருப்பதை நான் பார்க்க விரும்பவில்லை.

டீசல் இஞ்சினைக் கையால் சுற்றிக் கிளப்புபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டை விரலும் மற்ற விரல்களின் பக்கமாகவே இருக்கட்டும். இஞ்சின் எதிர்த்து அடித்தால் கை வழுக்கி விடுபடும். கட்டை விரல் சுற்றிப் பிடித்திருந்தால் மணிக்கட்டு முறியும். மூடிய கொட்டகைக்குள் ஓடவிட்டுப் பார்ப்பதும் கூடாது, புகையில் உயிர் போகும்.

இவ்வளவும் கேட்ட பிறகு, சொந்தமாக ஒன்று வேண்டுமா என்றும் யோசியுங்கள். முன்னே போட்ட கணக்குப்படி இரண்டு ஏக்கரை இரண்டு சால் ஓட்ட, மணிக்கு இரண்டு கிலோமீட்டர் நடையில் பதினான்கு மணி நேரம்; திருப்பங்களோடு இருபது என்று வையுங்கள். வருடத்திற்கு இருமுறை உழுதால் நாற்பது மணி நேரம். மற்ற நாளெல்லாம் அது கொட்டகையில் தூங்கும். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒன்றை வாங்குவதில் என்ன தடை? 1960-இல் துன் சம்பந்தன் அவர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பத்துப் பத்து வெள்ளியாய்ச் சேர்த்துத் தோட்டத்தையே வாங்கியவர்கள் நம் பாட்டாளிகள். இயந்திரம் ஒன்றை வாங்குவதா கஷ்டம்?

கஷ்டம் வாங்குவதில் இல்லை. வாங்கிய பிறகுதான் வரும். கத்தி ஒடிந்தது யார் கையில் என்று சண்டை வரும். முதல் மழைக்கு எல்லோருக்கும் ஒரே நாளில் இயந்திரம் தேவைப்படும். இதற்கு நான் கண்ட வழி ஒரு நோட்டுப் புத்தகம். எடுத்த நாள், ஓடிய மணி, ஊற்றிய எண்ணெய், திருப்பித் தரும்போது இருந்த நிலை ஆகியவற்றை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் ஒரு சிறு தொகை பொதுப் பெட்டிக்குப் போக வேண்டும். கத்தியும் பெல்ட்டும் அந்தப் பணத்தில் வாங்கப்பட வேண்டும். யாருக்கு முதல் நாள் என்பதை மழைக்கு முன்பே சீட்டுக் குலுக்கி எழுதிவிட வேண்டும். இயந்திரத்தைக் காப்பவர் ஒருவராக மட்டும் இருக்கட்டும். இரண்டு பேர் காத்தால் எண்ணெய் மாற்றும் வேலையை ஒருவர் செய்வார் என்று மற்றவர் இருந்துவிடுவார்.

பழைய இயந்திரம் வாங்கப் போகிறவர்கள் காலையில், இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். விற்பவர் ஏற்கெனவே சூடாக்கி வைத்திருந்தால் ஆறும்வரை டீ குடித்துக் காத்திருங்கள். குளிர்ந்த இஞ்சின்தான் உண்மை பேசும். ஓடத் தொடங்கிய பிறகும் நீலப் புகை நிற்காவிட்டால் எண்ணெய் உள்ளே எரிகிறது. கியர் பெட்டியின் எண்ணெயைத் தொட்டுப் பாருங்கள்; பால் கலந்தது போலிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, சேற்று வயலில் உழைத்த இயந்திரங்களுக்கு இது வரும். கத்திகளின் அச்சைக் கையால் ஆட்டிப் பாருங்கள், ஆனால் இஞ்சினை நிறுத்திவிட்டு. பிறகு அருகிலுள்ள பட்டணத்திற்குப் போய், அந்த இயந்திரத்துக்குரிய பெல்ட், கத்தி, எண்ணெய் சீல் இம்மூன்றும் எந்தக் கடையில், எத்தனை நாளில் கிடைக்கும் என்று விசாரித்துவிட்டுத் திரும்பி வந்து விலை பேசுங்கள்.