முரண்டு பிடிக்கும் டிராக்டர்

செம்பனைக் குலையை வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்த்துவிட வேண்டும் என்பது தோட்டத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த சங்கதி. நேரம் ஆக ஆகப் பழத்தில் கொழுப்பு அமிலம் ஏறும். எண்ணெயின் தரம் இறங்கும். குலைகள் சாலையோரத்தில் குவிந்து கிடக்க, டிராக்டர் மட்டும் கொட்டகையில் முரண்டு பிடித்தால் என்ன ஆகும்? மண்டோர் ஒரு பக்கம் முறைப்பார், வெட்டு ஆட்கள் ஒரு பக்கம் முணுமுணுப்பார்கள். நடுவில் நிற்கும் டிரைவருக்குக் கை பதறும். அந்தப் பதற்றத்தில்தான் செய்யக்கூடாத வேலைகளைச் செய்து, காலையும் கையையும், சில வேளை உயிரையும்கூடப் பறிகொடுக்கிறார்கள். ஆகவே வாசகர்களே, உங்கள் வீட்டில் டிராக்டர் ஓட்டுபவர் இருந்தால் இதை அவருக்கு ஒருமுறை படித்துக் காட்டுங்கள்.

டீசல் என்ஜினில் கார்களில் இருப்பதுபோல் தீப்பொறி கொடுக்கும் 'பிளக்' கிடையாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுகிறதல்லவா? அதே தத்துவம்தான். ஜெர்மனியில் ருடால்ப் டீசல் என்பவர் 1897-ல் ஓட்டிக் காட்டிய என்ஜினும் இப்படித்தான் வேலை செய்தது. சிலிண்டருக்குள் காற்றை 16 மடங்குக்கு மேல் நெருக்கினால் அது 500 டிகிரி அளவுக்குச் சூடேறும். அந்த நேரம் பார்த்து டீசலைப் பனிபோலப் பீச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும். ஆக, என்ஜின் வேகமாகச் சுழல வேண்டும், காற்று தாராளமாக வர வேண்டும், சுத்தமான டீசல் போய்ச் சேர வேண்டும். இந்த மூன்றில் எது குறைகிறது என்று கண்டுபிடிப்பதுதான் முழு வேலையும்.

முதலில் ஸ்டாப் குமிழைப் பாருங்கள். சிரிக்காதீர்கள்! நேற்று மாலை என்ஜினை நிறுத்த இழுத்த குமிழ், இழுத்தபடியே இருந்தால் ஒரு சொட்டு டீசல்கூட உள்ளே போகாது. "அண்ணே, ஸ்டாப்பை உள்ளே தள்ளலியே" என்று கூடவந்த பையன் சொல்லி, அரைமணி நேரப் போராட்டம் அரை நிமிடத்தில் முடிவது உண்டு. டேங்க் குழாய் திறந்திருக்கிறதா, டீசல் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லையா? விளக்கைப் போட்டுவிட்டுத் திருப்பிப் பாருங்கள். விளக்கு அடியோடு மங்கினால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது பேட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறது. எர்த் வயரை முதலில் கழற்றி, வெந்நீர் விட்டுச் சுரண்டித் துடைத்து இறுக்கினாலே பாதி டிராக்டர்கள் கிளம்பிவிடும். மாட்டும்போது எர்த் வயர் கடைசி. பேட்டரியிலிருந்து எரியும் வாயு வரும். பக்கத்தில் சிகரெட்டும் வேண்டாம், தீக்குச்சியும் வேண்டாம். விளக்கு பிரகாசமாகவே எரிய, ஸ்டார்ட்டர் மட்டும் ஊமையாக இருந்தால் கியர் நியூட்ரலில் இருக்கிறதா, கிளச்சை முழுதும் மிதித்தீர்களா என்று பாருங்கள். கியரில் இருக்கும்போது கிளம்பிவிடக் கூடாது என்பதற்காகப் பல டிராக்டர்களில் ஒரு பாதுகாப்பு சுவிட்ச் வைத்திருக்கிறார்கள்.

இங்கேதான் அந்தக் கெட்ட பழக்கம் வருகிறது. சுவிட்ச் வேலை செய்யவில்லை என்றதும், கீழே நின்றபடி ஸ்டார்ட்டரின் இரண்டு முனைகளையும் ஒரு திருப்புளியால் இணைத்துப் பொறி பறக்க ஸ்டார்ட் செய்வது. செய்கிறவரைச் சுற்றி நிற்கிறவர்கள் கெட்டிக்காரர் என்பார்கள். ஆனால் அவர் நிற்கும் இடம் எது? பின்சக்கரத்துக்கு நேர் முன்னால்! கியர் விழுந்திருந்தால் என்ஜின் பிடித்த அந்த நொடியே வண்டி நகரும். ஒதுங்க நேரமே இருக்காது. இப்படிப் போன உயிர்கள் உலகமெங்கும் உண்டு. சில வெள்ளி பெறுமானமுள்ள சுவிட்சுக்காக ஒரு குடும்பம் தெருவில் நிற்கலாமா? என்ஜினைச் சுழற்றுவதென்றால் இருக்கையில் உட்கார்ந்து சாவியால் சுழற்றுங்கள். அது முடியாவிட்டால் பட்டறைக்குச் சொல்லி அனுப்புங்கள், குலை காத்திருக்கட்டும்.

சரி, என்ஜின் நன்றாகச் சுழல்கிறது, ஆனால் பிடிக்கவில்லை. இப்போது புகைக்குழாயைப் பாருங்கள். அது பொய் சொல்லாது. புகையே இல்லையென்றால் டீசல் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, ஆனால் பற்றவில்லை. சுழலும் வேகம் போதவில்லை, அல்லது டீசலில் தண்ணீர், அல்லது என்ஜின் தேய்ந்து காற்றை நெருக்கும் பலம் குறைந்துவிட்டது. தேய்மானம் மெக்கானிக்கின் வேலை. நாம் அதில் கை வைக்க வேண்டாம்.

புகை இல்லாத கேஸ்தான் தோட்டத்தில் அதிகம். டேங்க் வற்றும்வரை ஓட்டினாலோ, பில்டர் மாற்றினாலோ, ரப்பர் குழாயில் கீறல் விழுந்தாலோ டீசலோடு காற்றும் புகுந்துகொள்ளும். டீசலை நெருக்கித் தள்ளலாம். காற்று பஞ்சுபோல அமுங்கிக்கொடுத்து, இன்ஜெக்டரைத் திறக்கவிடாது. நீங்கள் பேட்டரி சாகும்வரை சுழற்றினாலும் பயனில்லை. காற்றை வெளியேற்றத்தான் வேண்டும்.

1960-களில் வந்த மாசி பெர்குசன் 135-ஐயும் அதன் வகையைச் சேர்ந்த பெர்க்கின்ஸ் என்ஜின்களையும் வைத்துச் சொல்கிறேன். மற்ற வண்டிகளில் திருகுகளின் இடம் மாறும், முறை மாறாது. பில்டரின் தலையில் உள்ள சிறு திருகைச் சற்றே தளர்த்துங்கள். என்ஜினின் பக்கவாட்டில் உள்ள சிறிய டீசல் பம்பின் கைப்பிடியை மேலும் கீழும் அடியுங்கள். கைப்பிடி தொளதொளவென்று இருந்தால் பம்பு கெட்டுவிட்டதென்று முடிவு கட்டாதீர்கள். என்ஜின் நின்ற இடம் அப்படி. ஸ்டார்ட்டரால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி அடித்தால் பிடிமானம் வரும். முதலில் சோப்பு நுரைபோலக் குமிழிகள் வரும். நுரை நின்று டீசல் மட்டும் ஒழுகும்போது, அடிப்பதை நிறுத்தாமலே திருகை இறுக்குங்கள். அடுத்து பெரிய இன்ஜெக்ஷன் பம்பில் உள்ள திருகுகளுக்கும் இதே வைத்தியம். இவ்வளவுக்கே பெரும்பாலும் என்ஜின் பிடித்துவிடும். பிடிக்காவிட்டால் இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாய்களில் இரண்டின் நட்டை அரைச்சுற்றுத் தளர்த்தி, ஆக்சிலேட்டரை முழுதும் திறந்து, ஒருவர் இருக்கையிலிருந்து சுழற்ற வேண்டும். டீசல் துள்ளி வந்ததும் நிறுத்தி இறுக்க வேண்டும். அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்க்கவே கூடாது. அழுத்தத்தோடு பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்தியதுபோல் சின்னக் காயம்தான் தெரியும், வலிகூட இருக்காது. ஆனால் உடனே மருத்துவமனைக்குப் போகாவிட்டால் விரலையே எடுக்க நேரிடலாம்.

காலையில் மட்டும் முரண்டு, கிளம்பிவிட்டால் நாளெல்லாம் ஒழுங்கு என்றால், இரவில் எங்கோ காற்று நுழைந்து டீசல் டேங்குக்கே திரும்பி ஓடுகிறது என்று சந்தேகப்படுங்கள். குழாய் இணைப்புகளையும் செம்பு வாஷர்களையும் பாருங்கள்.

காற்று வரும் வழியையும் மறக்க வேண்டாம். செம்மண் சாலைத் தூசியில் ஏர் பில்டர் அடைத்திருக்கும். நெடுநாள் நின்ற வண்டியில் குளவி கூடுகட்டியிருக்கும். சுத்தம் செய்தால் தீர்ந்தது.

சிலர் இதையெல்லாம் விட்டுவிட்டு, டப்பாவில் வரும் ஈதரை ஏர் பில்டரில் அடிக்கிறார்கள். பனிபெய்யும் நாடுகளுக்காக வந்த சரக்கு அது. விடியற்காலையிலும் சட்டையில்லாமல் உட்காரக்கூடிய நம் ஊரில் ஒரு டீசல் என்ஜின் ஈதர் கேட்கிறதென்றால், அதற்கு வேறு நோய் இருக்கிறது என்றுதான் பொருள். என்ஜினைச் சூடேற்றும் சாதனம் பொருத்திய வண்டியில் அடித்தால் வெடிக்கவும் கூடும்.

மழைக்காலத்தில் தொந்தரவு கூடுவதற்குக் காரணம் தண்ணீர். பாதி காலியான டேங்கில் இரவுக் குளிரில் ஈரம் வியர்த்து அடியில் இறங்கும். மலேசியாவில் 2019-ல் வாகன டீசலில் 10 விழுக்காடும் தொழில்துறை டீசலில் 7 விழுக்காடும் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளைக் கலக்கத் தொடங்கினார்கள். நம் கையால் வெட்டிய பழம் நம் டிராக்டருக்கே தீனியாகிறது, நல்லதுதான்! ஆனால் இந்தக் கலவை வெறும் டீசலைவிட அதிகமாக ஈரத்தை இழுக்கும். தண்ணீர் தேங்கினால் கிருமிகள் வளர்ந்து சளிபோல் பில்டரை அடைக்கும். எனவே வேலை முடிந்த மாலையிலேயே டேங்கை நிரப்பிவிட வேண்டும். பில்டருக்கடியில் உள்ள கிண்ணத்தைத் திறந்து அடித்தண்ணீரை அடிக்கடி வடிக்க வேண்டும். டீசல் பீப்பாய் வெளியில் நிமிர்ந்து நின்றால், அதன் தலையில் மழைநீர் குளம்கட்டும். வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் பீப்பாய், மூடி இறுக்கமாக இருந்தாலும் அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிவிடும். பீப்பாயைக் கூரைக்குள் வையுங்கள். இடமில்லையென்றால் படுக்க வைத்து, இரண்டு மூடிகளும் பக்கவாட்டில் ஒரே மட்டத்தில் இருக்கும்படி அண்டை கொடுங்கள்.