பெண் காவலருக்குக் கிடைத்த ஒரு மணி நேரம்

காலை ஏழு மணிக்குக் காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டும். தமிழகத்தில் இதை ‘ரோல் கால்’ என்பார்கள். ஏழு மணிக்கு அங்கே நிற்க வேண்டுமென்றால், ஒரு பெண் காவலர் வீட்டில் எத்தனை மணிக்கு எழ வேண்டும்? சமையல், பிள்ளையின் பள்ளிச் சீருடை, தன் காக்கிச் சீருடை, பேருந்து... கணக்குப் போட்டுப் பாருங்கள். விடியற்காலை நாலு மணிக்குப் போய் நிற்கும்.

2023 மார்ச் மாதம், பெண் காவலர்களுக்கு இந்த நேரத்தை எட்டு மணியாக மாற்றுவதாகத் தமிழக அரசு அறிவித்தது. காவல்துறையில் பெண்கள் சேர்ந்து 50 ஆண்டுகள் ஆனதைக் கொண்டாடிய விழாவில் வந்த அறிவிப்பு இது. “பொன்விழாப் பரிசு ஒரு மணி நேரம்தானா?” என்று நண்பர் ஒருவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வானொலியில் காலை நிகழ்ச்சி நடத்துவதால், மகள் கண் விழிக்கும் முன்பே வீட்டைவிட்டுக் கிளம்புகிறவள் நான். அந்த ஒரு மணி நேரத்தின் அருமை தெரியும்.

அந்த 50 ஆண்டுகளைக் கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம். நம் சிங்கப்பூரில் 1949லேயே பத்துப் பெண்கள் காவல்துறையில் சேர்ந்துவிட்டார்கள். தமிழகத்தில் 1973ல்தான் தொடக்கம். ஓர் உதவி ஆய்வாளர், ஒரு தலைமைக் காவலர், 20 காவலர்கள். மொத்தமே 22 பேர். 1976ல் திலகவதியும் லத்திகா சரணும் ஐபிஎஸ் பணிக்கு வந்தார்கள். திலகவதியை எழுத்தாளராகவும் நமக்குத் தெரியும். ‘கல்மரம்’ நாவலுக்காக 2005ல் சாகித்ய அகாடமி விருது பெற்றவர். லத்திகா சரண் 2006ல் சென்னை மாநகரக் காவல் ஆணையரானார். 2010ல் மாநிலக் காவல்துறையின் தலைமைப் பதவிக்கே வந்தார். இரண்டிலும் அவர்தான் முதல் பெண். 1992ல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. இன்று மாநிலம் முழுக்க இருநூறுக்கும் மேல்.

மேலே போனவர்களின் பெயர்கள் நமக்கு மனப்பாடம். சாலையோரம் நிற்கும் காவலரை யார் நினைக்கிறோம்? பெரிய மனிதர்களின் கார் கடந்து போகும்வரை வெயிலில் மணிக்கணக்கில் நிற்கும் வேலை அது. பக்கத்தில் கழிப்பறை இருக்காது. மாதவிடாய் நாளாக இருந்தாலும் நகர முடியாது. திரையில் பறந்து பறந்து அடிக்கும் பெண் போலீசுக்கு இந்தச் சங்கடமெல்லாம் வருவதே இல்லை! முதல்வர் செல்லும் வழியில் பெண் காவலர்களைச் சாலையோரப் பாதுகாப்புக்கு நிறுத்த வேண்டாம் என்ற உத்தரவு 2021 ஜூனில்தான் வந்தது. முதல் 22 பேர் சேர்ந்து 48 ஆண்டுகள் கழித்து.

“இப்படிச் சலுகை கேட்பவர்கள் இந்த வேலைக்கு ஏன் வர வேண்டும்?” என்று கேட்பவர்கள் எங்கும் உண்டு. கழிப்பறை சலுகையா? ஆண்கள் மட்டும் வேலை பார்த்த காலத்தில் போட்ட அட்டவணை அது. ஆள் மாறினால் அட்டவணையும் மாறத்தானே வேண்டும்?

ஆனால் அந்த எட்டு மணி அறிவிப்பில் ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. நேரம் மாறியது பெண்களுக்கு மட்டும். காலைச் சமையலும் பிள்ளையும் அவள் பொறுப்புதான் என்பதை அரசும் ஒப்புக்கொண்டது போல ஆகிவிட்டது. காவல்துறை தன் பங்குக்கு ஒரு மணி நேரம் விட்டுக்கொடுத்திருக்கிறது. வீடு எவ்வளவு கொடுக்கப் போகிறது?

இது தமிழகத்துக்கு மட்டும் உள்ள கேள்வி இல்லை. மருத்துவமனை, விமான நிலையம், காவல் நிலையம் என்று ஷிப்டு வேலைக்குப் போகும் பெண்கள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். “போலீஸ் வேலைக்குப் போகிறேன்” என்று மகள் சொன்னால், “கல்யாணத்துக்கு அப்புறம் எப்படிம்மா சமாளிப்பே?” என்று கேட்கிறோம். மகன் அதையே சொன்னால் அந்தக் கேள்வி வருவதில்லை. இனி இருவரிடமும் கேட்போம். கேட்ட கையோடு மகனுக்குச் சோறு வடிக்கவும் கற்றுக்கொடுப்போம்.