காது புளித்த ஏ.ஐ. பேச்சு!

மூன்றாமாண்டு மாணவன், மின்னியல் துறை



காலையில் பஸ் ஏறினால் ஏ.ஐ. பேச்சு. காலேஜுக்கு வந்தால் செமினாரில் ஏ.ஐ. ஹாஸ்டல் மெஸ்ஸில் தட்டோடு உட்கார்ந்தால் அங்கேயும் ஏ.ஐ. செல்போனைத் திறந்தால் கேட்கவே வேண்டாம்! "இனிமே எல்லா வேலையும் கம்ப்யூட்டரே பாத்துக்கும்" என்பார் ஒருவர். "உலகமே அழியப் போகுது" என்பார் இன்னொருவர். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போய்விட்டது. யாராவது அந்தப் பேச்சை ஆரம்பித்தாலே எழுந்து ஓடத் தோன்றுகிறது, இல்லையா?

நானும் அப்படித்தான் இருந்தேன். தீபாவளி லீவில் ஊருக்குப் போனபோது அப்பா கேட்டார்: "ஏம்ப்பா, எல்லாத்தையும் மெஷினே செஞ்சிடுமாமே. டீக்கடையில பேசிக்கிறாங்க. அப்போ தங்கச்சியையும் பாலிடெக்னிக்ல சேர்க்கணுமா, வேண்டாமா?"

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். என் சொல்லை வைத்துத்தான் தங்கையின் படிப்பு முடிவாகும். பதில் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் புரிந்தது: இத்தனை பேச்சைக் கேட்டும், ஏ.ஐ. எப்படி வேலை செய்கிறது என்பது எனக்குத் தெரியாது! சலிப்பு வந்ததே தவிர, விஷயம் வந்து சேரவில்லை. அதன் பிறகு படித்தும், ஆசிரியர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இது புதுப் பேச்சா?

இல்லவே இல்லை. 1956-ம் ஆண்டு கோடையில் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் ஜான் மெக்கார்த்தி முதலிய விஞ்ஞானிகள் கூடினார்கள். அந்தக் கூட்டத்துக்காக முந்தைய ஆண்டு எழுதிய திட்டத்தில்தான் 'செயற்கை நுண்ணறிவு' என்ற பெயரே பிறந்தது. 1958-ல் பிராங்க் ரோசன்பிளாட் 'பெர்செப்ட்ரான்' என்ற ஒன்றைக் காட்டினார். இது நடக்கும், பேசும், பார்க்கும், எழுதும் என்றெல்லாம் அன்றைக்கே பத்திரிகையில் செய்தி வந்தது. 1965-ல் ஹெர்பர்ட் சைமன் என்ற அறிஞர், மனிதன் செய்யும் எந்த வேலையையும் 20 வருஷத்தில் இயந்திரம் செய்துவிடும் என்று எழுதினார். 1985 வந்தது, போனது. ஒன்றும் ஆகவில்லை.

வாக்குறுதி பொய்த்தால் பணமும் நிற்கும் அல்லவா? பிரிட்டனில் 1973-ல் வெளியான லைட்ஹில் அறிக்கை, சொன்னது எதுவும் நடக்கவில்லை என்று உடைத்துச் சொன்னது. ஆராய்ச்சிக்குக் கொடுத்த நிதி குறைந்தது. 1980-களின் கடைசியிலும் இதே கதை. இந்தக் காலங்களுக்கு 'ஏ.ஐ. குளிர்காலம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

அண்மைக் காலத்திலும் ஓர் உதாரணம் உண்டு. 2016-ல் ஜெப்ரி ஹின்டன், ஸ்கேன் படங்களைப் பார்த்துச் சொல்லும் ரேடியாலஜி டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுப்பதையே நிறுத்திவிடலாம், ஐந்து வருஷத்தில் இயந்திரம் அவர்களை மிஞ்சிவிடும் என்றார். 2024-ல் இயற்பியல் நோபல் பரிசு வாங்கிய மேதை அவர். ஆனால் ரேடியாலஜி டாக்டர்கள் இன்றும் தேவைப்படுகிறார்கள், ஏ.ஐ. அவர்களுக்கு உதவியாகப் பக்கத்தில் நிற்கிறது. மேதையின் கணக்கே தப்பும்போது, டீக்கடைக் கணக்கை நம்பி ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்தலாமா?

உள்ளே என்னதான் நடக்கிறது?

"யானை வரும் பின்னே, மணியோசை வரும்..." என்று நான் நிறுத்தினால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? "முன்னே!" என்பீர்கள். யானையைப் பார்க்காமலேயே சொல்லிவிட்டீர்கள். பலமுறை கேட்ட பழக்கம்தான் காரணம்.

சாட்ஜிபிடி போன்றவை செய்வதும் ஏறக்குறைய இதுதான். கோடிக்கணக்கான பக்கங்களைச் சிறு சிறு துண்டுகளாக்கி, எண்களாக மாற்றி, அடுத்த துண்டு என்ன என்று ஊகிக்க வைக்கிறார்கள். தப்பானால் உள்ளே உள்ள எண்களைக் கொஞ்சம் திருத்துகிறார்கள், ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்கக் குமிழைத் திருகுவதுபோல. 2020-ல் வந்த ஜிபிடி-3-ல் இப்படித் திருகும் குமிழ்கள் 17,500 கோடி!

இதற்கெல்லாம் அடிப்படையான முறையை 2017-ல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். அதன் பெயர் என்ன தெரியுமா? 'டிரான்ஸ்பார்மர்'! நம் லேபில் உறுமிக்கொண்டிருக்கும் ஸ்டெப்-டவுன் சமாச்சாரம் இல்லை. ஒரு வாக்கியத்தில் எந்தச் சொல்லுக்கும் எந்தச் சொல்லுக்கும் எவ்வளவு தொடர்பு என்று கணக்கிடும் முறை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு பேச்சு தெருவுக்கே வந்துவிட்டது.

இங்கேதான் ஒரு முக்கியமான விஷயம். அதற்குப் பழக்கம், 'அடுத்து எது பொருந்தும்' என்று பார்ப்பது. 'அது உண்மையா' என்று பார்ப்பது வேறு வேலை. 2023-ல் நியூயார்க்கில் வக்கீல்கள் சிலர் சாட்ஜிபிடி கொடுத்த பழைய தீர்ப்புகளை அப்படியே கோர்ட்டில் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட தீர்ப்புகளே கிடையாது! 5,000 டாலர் அபராதம். அபராதம் கட்டியது யார்? மனிதர்கள்தான்.

அதற்காக எல்லாம் வெத்துவேட்டு என்று சொல்ல வரவில்லை. புரதங்களின் வடிவத்தை ஏ.ஐ. மூலம் கண்டுபிடித்ததற்கு 2024-ல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்திருக்கிறது. புரோகிராம் எழுதுகிறது, மொழிபெயர்க்கிறது. ஒரே மாதிரி திரும்பத் திரும்பச் செய்யும் சில வேலைகள் குறையத்தான் செய்யும். எந்த வேலையும் போகாது என்று நான் உத்தரவாதம் தந்தால் அதுவும் இன்னொரு டீக்கடைப் பேச்சுதான்.

கம்பிக்கு அந்தப் பக்கம்

நம் துறைக்காரர்கள் கவனிக்க! ஏ.ஐ. காற்றில் ஓடவில்லை, கரண்டில் ஓடுகிறது. சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி 2024-ல் உலகத்து டேட்டா சென்டர்கள் எல்லாம் சேர்ந்து (ஏ.ஐ.-க்கு மட்டும் அல்ல) செலவழித்த மின்சாரம் சுமார் 41,500 கோடி யூனிட். உலக மின் உபயோகத்தில் சுமார் 1.5 சதவீதம். 2019-ல் மூடிய அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் முதல் அணு உலையைத் திரும்ப ஓட்டி, அந்தக் கரண்டை வாங்கிக்கொள்ள மைக்ரோசாப்ட் 2024-ல் ஒப்பந்தம் போட்டது என்றால் பாருங்களேன்!

அந்தக் கட்டடங்களுக்கும் டிரான்ஸ்பார்மர் வேண்டும் (இது நம்ம டிரான்ஸ்பார்மர்!), பிரேக்கர், யு.பி.எஸ்., ஏ.சி., எர்த்திங் எல்லாம் வேண்டும். எர்த் பிட்டில் இறங்கி மெக்கரை வைத்துப் பார்த்தால்தான் ரீடிங் வரும். ஊகித்துச் சொன்ன ரீடிங்கை நம்பிக் கை வைத்தால் ஷாக் யாருக்கு?

நாம் செய்ய வேண்டியது

ஆகவே நண்பர்களே, இனி யாராவது ஏ.ஐ. என்று ஆரம்பித்தால் எழுந்து ஓட வேண்டாம். மூன்று கேள்வி கேளுங்கள். எந்த வேலையை அது செய்கிறது? எவ்வளவு தப்பு வருகிறது? தப்பு வந்தால் பொறுப்பு யாருக்கு? விஷயம் தெரிந்தவர் பதில் சொல்வார், நமக்கும் அறிவு வளரும். தெரியாதவர் பேச்சை மாற்றிவிடுவார், காதுக்கு நிம்மதி!

அப்பாவுக்கு நான் போனில் சொன்ன பதில் இதுதான்: "மெஷின் வருதுப்பா, இல்லேன்னு சொல்லல. ஆனா அது சொல்றது சரியா தப்பான்னு பாக்க ஆள் வேணும். அந்த ஆளுக்குப் படிப்பு வேணும். தங்கச்சியச் சேர்த்துடலாம்." அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ளிகேஷன் எப்போ தருவாங்க?" என்று கேட்டார்.

வாழ்க மாணவர் ஒற்றுமை!