புதுத் தொட்டியில் வடியாத தண்ணீர்

முதியோர் இருக்கும் வீடுகளுக்கு மாதம் ஒருமுறை போய் வருவது எனது பணிகளில் ஒன்று. வலிகாமத்தில் ஒரு வீட்டுக்குச் சென்ற ஆண்டு போயிருந்தபோது, எழுபது வயதைக் கடந்த அந்த அம்மா கிணற்றடியில் வாளியும் கையுமாக நின்றார். முழங்கால் வருத்தக்காரர். வீட்டினுள்ளே புதிதாகக் கட்டிய குளியலறை இருக்கிறது. கனடாவில் உள்ள மகள் காசு அனுப்பி, அம்மாவுக்கென்றே குளியல் தொட்டியும் வைப்பித்திருந்தார். ஏன் இங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டேன்.

“உந்தத் தொட்டிக்குள்ள நான் இறங்கமாட்டன் பிள்ளை. வழுக்குது. எனக்குக் கிணத்தடி காணும்” என்றார்.

மருமகள் என்னை உள்ளே கூட்டிச் சென்று காட்டினார். அடைப்பானைத் திறந்தால் தண்ணீர் சத்தத்துடன் இறங்குகிறது. ஆனால் துவாரத்துக்கு எதிர்ப்புறத்தில், விரல் தடிப்பில் ஒரு குளம்போல் நின்றுவிடுகிறது. அதில் சவர்க்கார நுரையும் அழுக்கும் படிந்து பாசிபோல் வழவழக்கிறது. எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். கிணற்று நீரும் கடினம். நின்ற தண்ணீர் காய்ந்த இடமெல்லாம் வெள்ளைப் படலம் வேறு. மருமகள் ஒவ்வொரு நாளும் துணியால் ஒற்றி எடுக்கிறார். ஒருமுறை மாமியின் கால் சறுக்கி, நல்லகாலம், சுவரைப் பிடித்துக்கொண்டார்.

இதைவிட அந்தப் பிள்ளையை நோகடித்தது வேறொன்று. “நீங்கள் வடிவாக் கழுவுறேல்லையோ?” என்று தொலைபேசியில் மச்சாள் கேட்டாராம். கணவரும் அதையே சொன்னாராம். குளியலறையைக் கட்டும்போது அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது பிழைத்த பிறகு பொறுப்பு மட்டும் அவருடையதாகிவிட்டது. சமூகவியல் படித்த காலத்தில் இதற்கெல்லாம் பெரிய பெயர்கள் மனப்பாடம் செய்தேன். அந்த ஈரத் துணியைப் பார்த்தபோது அவையொன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

எனது தகப்பனார் கட்டட வேலைகளை மேற்பார்வை செய்தவர். அவருடன் அலைந்ததில் சில விடயங்கள் எனக்குத் தெரியும். முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதை. துவாரத்தின் மேலேயே நின்று மெதுவாக இறங்கினால் கோளாறு குழாயில் இருக்கும். தலைமயிர் அடைத்திருக்கலாம், அடைப்பான் முழுதாகத் திறக்காமல் இருக்கலாம். புதிய வீடென்றால் வேலையின்போது விழுந்த சீமெந்துத் துண்டு குழாய் வளைவில் கிடக்கவும் கூடும். துவாரம் காய்ந்து கிடக்க, அதைவிட்டுத் தள்ளித் தண்ணீர் தேங்கினால் குழாயை எத்தனை முறை குத்தியும் பயனில்லை. அது மட்டத்தின் பிழை. ஆங்காங்கே ஒட்டி நிற்கும் துளிகளை இதில் சேர்க்க வேண்டாம். எவ்வளவு நல்ல தொட்டியிலும் அவை இருக்கும்.

நாங்கள் இருவரும் பத்தடி நீளமான தெளிவான பிளாஸ்ரிக் குழாய் ஒன்றை எடுத்து, காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பினோம். அதன் இரண்டு வாயையும் தொட்டி விளிம்பின் இரு முனைகளில் பிடித்தோம். குழாயின் இரு பக்கத்திலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். அதிலிருந்து விளிம்பு வரை அடிக்கோலால் அளந்தால் எந்தப் பக்கம் தாழ்ந்தது என்பது தெரிந்துவிடும். துவாரத்துக்கு எதிர்முனை ஏறக்குறைய ஓர் அங்குலம் பதிந்திருந்தது.

காரணம் விளங்கியது. எங்கள் ஊர் மேசன்மார் குளியலறைத் தரையை எப்போதும் சரிவாகவே போடுவார்கள். வாளியால் அள்ளிக் குளிக்கும் இடத்துக்கு அது சரி. அடிக்குக் கால் அங்குலம் சரித்தால், ஐந்தடித் தொட்டியின் இரு முனைகளுக்கும் இடையில் ஒன்றேகால் அங்குல வித்தியாசம் வந்துவிடும். தொட்டியின் அடியிலோ துவாரத்தை நோக்கிய சரிவைத் தயாரிக்கும்போதே வைத்திருப்பார்கள். ஆகவே அதன் விளிம்பு நாற்புறமும் மட்டமாக இருந்தால் போதும். இங்கே தரையின் சரிவு ஒருபக்கம், தொட்டியின் துவாரம் மறுபக்கம். தொட்டியின் கால்களைத் திருகி உயரம் சரிசெய்யாமல் அப்படியே வைத்து, முன்னால் கல் அடுக்கி ரைல்ஸ் ஒட்டிவிட்டார்கள்.

எல்லா வீட்டிலும் காரணம் இதுவாக இராது. அக்ரிலிக் தொட்டியின் அடியில் போதிய தாங்கல் இல்லாவிட்டால், ஆள் ஏறியதும் நடுப்பகுதி பதியும். ஒருவரை உள்ளே நிற்கச் சொல்லிப் பார்த்தால், தண்ணீர் காலடியைத் தேடி வரும். துவாரத்தைச் சுற்றி வளையமாக மட்டும் தண்ணீர் நின்றால், அங்கு பொருத்திய வளையம் அடியிலுள்ள பசையின் தடிப்பால் உயர்ந்து நிற்கிறது என்று கொள்ளலாம். கழற்றிப் பழைய பசையைச் சுரண்டிவிட்டுத் திரும்பப் பதித்தால் சரியாகிவிடும்.

மேசனைக் கூப்பிடுவதுதான் கடினமான பகுதி. கூலி முழுவதும் கொடுத்தாயிற்று. “பொம்பிளையள் சொல்லி அந்தாள் கேக்குமோ, மிஸ்?” என்று மருமகள் தயங்கினார். உங்கள் வேலை பிழை என்று தொடங்க வேண்டாம், குழாயையும் அடிக்கோலையும் கையில் கொடுத்துவிடுங்கள் என்றேன். அவரும் அப்படியே, “அண்ணை, நீங்களே ஒருக்கா மட்டம் பாருங்கோ” என்று கொடுத்தார். மேசன் பார்த்தார், தலையைச் சொறிந்தார். கூலி வேண்டாம், ரைல்ஸ் மட்டும் வாங்கித் தாருங்கள் என்றார்.

முன்பக்கத்து ரைல்ஸ் நான்கையும் அவற்றின் பின்னாலிருந்த கல்லையும் உடைத்து எடுத்தார். கழிவுக் குழாயின் பொருத்தை முதலில் தளர்த்தினார். அதைச் செய்யாமல் தொட்டியை நெம்பினால் பொருத்து வெடித்து, கீழே தெரியாமல் ஒழுகும். விளிம்பில் இருந்த பசையை அறுத்து, தாழ்ந்த முனையின் கால்களைத் திருகி உயர்த்தினார். பிறகு நீளத்துக்கும் அகலத்துக்கும் ரசமட்டம் வைத்து, குமிழி நடுவில் நிற்கும் வரை பார்த்தார். கால்களின் கீழே மரத்துண்டு செருகப் பார்த்தபோது நான் மறித்தேன், ஈரத்தில் உக்கிவிடும். சுவரோடு சேரும் விளிம்புக்குச் சிலிக்கன் பூசுமுன் தொட்டியில் தண்ணீர் நிரப்பச் சொன்னேன். இருநூறு லீற்றர் தண்ணீர் இருநூறு கிலோ. அந்தப் பாரத்தில் தொட்டி பதியக்கூடிய அளவுக்குப் பதிந்த பின் பூசினால்தான் பின்னர் வெடிக்காது. ஒருநாள் அப்படியே விட்டோம்.

கறையைப் போக்க மலசலகூட அசிட்டைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். மினுக்கம் போய் இன்னும் அழுக்குப் பிடிக்கும். அசிட்டும் வெளிற்றும் திரவமும் ஒன்றுசேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். பூட்டிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. வெள்ளைப் படலத்துக்கு வினாகிரி நனைத்த துணியைச் சற்று நேரம் போட்டுவிட்டுத் தேய்த்துக் கழுவினாலே போதும், அதையும் வெளிற்றும் திரவத்தோடு சேர்க்காமல். சறுக்குகிறதென்று பாவிக்காமல் விட்ட தொட்டியையும் மறந்துவிடக் கூடாது. வடியாத தண்ணீர் ஒரு கிழமைக்கு மேல் நின்றால் டெங்கு நுளம்பு பெருக அது போதும். 2017இல் இந்நாட்டில் 186,000க்கும் அதிகமான டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள்.

வீடு கட்டும் சகோதரிகளிடம் ஒன்று கேட்பேன். மேசனுக்குக் கடைசிப் பணத்தைக் கொடுக்கும் முன், ரைல்ஸ் ஒட்டும் முன், இரண்டு வாளி தண்ணீர் ஊற்றித் திறந்துவிட்டுப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். தரைக்கும் அப்படியே. அதற்குத் தொழில் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அடுத்த மாதம் போனபோது மருமகள் கதவடியிலேயே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். தொட்டியில் துளிகள் மட்டுமே ஒட்டி நின்றன. துணி கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. ஆனால் முழங்கால் வருத்தக்காரர் ஒன்றரை அடி விளிம்பைத் தாண்டுவது எனக்கு இப்போதும் சரியாகப் படவில்லை. ஒரு கைபிடியும் ஒரு பிளாஸ்ரிக் கதிரையும் காசு குறைந்த நல்ல ஏற்பாடு என்று மகளுக்குத் தொலைபேசியில் சொன்னேன். சுவரில் கைபிடி பூட்டியாயிற்று. தொட்டியில் பேரப்பிள்ளை குளிக்கிறான். அம்மா பக்கத்தில் கதிரை போட்டிருந்து, அவன் தலையில் தண்ணீர் ஊற்றுகிறார்.