உஷார்! அம்மாவுக்குக் கீமோ நடக்கிறதா? பெனடாலைத் தொடாதீர்கள்!

கீமோ முடிந்து வீடு திரும்பிய ஒரு வாரத்தில் அம்மாவுக்கு உடம்பு லேசாகச் சுடுகிறது. "அலைச்சல்தான்மா, ரெண்டு பெனடால் போட்டுப் படுங்க, காலையில பார்த்துக்கலாம்." நம் வீவக வீடுகளில் சாதாரணமாக வருகிற பேச்சு இது. மற்ற நாளில் சரி. கீமோ நாள்களில் விடியும்வரை காத்திருப்பதே உயிருக்கு உலை வைத்துவிடும்.

பெரும்பாலான கீமோ மருந்துகளில் 7 முதல் 14 நாளுக்குள் ரத்த வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்குப் போய்விடும். அப்போது வாயிலும் குடலிலும் சும்மா கிடந்த கிருமிகூட ரத்தத்தில் ஏறிவிடும். வெள்ளணு இல்லாததால் சீழ், வீக்கம் என்று வெளியே ஒன்றும் தெரியாது. பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான் அறிகுறி. அதையும் பெனடால் போட்டு அமுக்கிவிடுகிறோம்.

நெற்றியில் கைவைத்துப் பார்ப்பது போதாது, தெர்மோமீட்டர் வையுங்கள். 38 டிகிரி காட்டினால் நள்ளிரவானாலும் மருத்துவமனை கொடுத்த அவசர எண்ணை அழையுங்கள், அல்லது நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். போனதும் முதல் வார்த்தையாக, "கீமோ எடுக்கிறவர்" என்று சொல்லுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் நரம்பில் ஆன்டிபயாடிக் ஏற்றுவதுதான் முறை. குளிர் நடுக்கம், மூச்சுத் திணறல், பேச்சில் குழப்பம் இருந்தால் 995. இன்னொன்று, நம் அம்மாக்கள் சொல்லமாட்டார்கள். 'பிள்ளைக்கு நாளைக்கு வேலை' என்று போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார்கள். நாம்தான் அளந்து பார்க்க வேண்டும்.

சாமியை விடச் சொல்லவில்லை. சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மனிடம் அம்மா பெயருக்கு ஓர் அர்ச்சனை செய்துவிட்டு வந்தால் வீட்டுக்கே தெம்பு வருகிறது. ஆனால் நேர்த்திக்கடனைச் சுமக்க வேண்டியது அம்மாவின் உடம்பு அல்ல. தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை மகன் காவடி எடுக்கட்டும். வெள்ளணு குறைந்த நாளில் அம்மாவை அந்த நெரிசலில் நிறுத்தாதீர்கள். 48 நாள் விரதத்தையும் மகனோ மகளோ இருக்கட்டும், அம்மா வயிறாரச் சாப்பிடட்டும். தீர்த்தம் தலையில் தெளித்தால் போதும். காலையில் செய்து மாலைவரை வெளியே இருந்த பிரசாதம் வேண்டவே வேண்டாம்.

அடுத்த ஆபத்து வாட்ஸ்அப் சித்தப்பா. முள்ளு சீத்தா இலைக் கஷாயம், மஞ்சள் மாத்திரை என்று ஏதாவது அனுப்பிக்கொண்டே இருப்பார். பாசம்தான், மறுக்கவும் சங்கடம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லுங்கள்: வழக்கமான சிகிச்சையை விட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பியவர்களுக்கு இறப்பு அபாயம் இரண்டரை மடங்கு, மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல். 'கூடவே கொஞ்சம்' என்பதும் ஆபத்துதான். சில மூலிகைகள் கீமோ மருந்தின் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். தேக்காவில் வாங்கிய பாட்டிலை அப்படியே மருத்துவமனை மருந்தாளரிடம் காட்டுங்கள். சாம்பாரில் போடும் மஞ்சளை யாரும் தடுக்கவில்லை.

இன்றே ஒரு தாளில் அவசர எண், கடைசிக் கீமோ தேதி, மருந்துப் பெயர்கள் மூன்றையும் எழுதுங்கள். மேலே பெரிதாக 38 என்று போட்டுக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். பகலில் அம்மாவோடு இருப்பது பணிப்பெண் என்றால், அவருக்கும் புரிகிற மொழியில் எழுதி ஒட்டுங்கள்.